உளவியல் இளங்கலைப் படிப்பு: சேரும் முன்பும் படிக்கும்போதும் எழும் கேள்விகள்

உளவியலை முதன்மைப் பாடமாக எடுக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும், எடுத்துவிட்டு முதல் செமஸ்டரிலேயே திகைத்து நிற்பவர்களுக்கும் இந்தப் பக்கம் உதவும். புள்ளியியலுக்கும் இறுதியாண்டு ஆய்வுக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறோம். மாணவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது அந்த இரண்டில்தான்.

உளவியல் படித்தால் அடுத்தவர் மனதைப் படித்துவிட முடியுமா?

முடியாது. எதிரில் இருப்பவர் சொல்வது பொய்யா மெய்யா என்று மக்கள் எவ்வளவு சரியாகக் கணிக்கிறார்கள் என்பதைப் பற்றி நிறைய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவற்றைத் தொகுத்து 2006-இல் வெளியான பகுப்பாய்வில் கிடைத்த சராசரி 54 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 சதவீதம் சரியாக இருக்கும். பொய் பிடிப்பதைத் தொழிலாகக் கொண்டவர்களும் இதைவிடப் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை.

இந்தப் படிப்பு தருவது வேறொரு திறமை. மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று யாராவது ஒன்றைச் சொன்னால், "எப்படி அளந்தீர்கள், யாரை அளந்தீர்கள், வேறு காரணம் இருக்க வாய்ப்பில்லையா?" என்று கேட்கப் பழக்கும். இந்தக் கேள்விகளில் ருசி கண்டவர்களுக்கு உளவியல் பிடித்துப்போகும். ஆறுதல் சொல்லும் கலையை மட்டும் எதிர்பார்த்து வருபவர்கள் முதல் ஆண்டிலேயே சலித்துவிடுகிறார்கள்.

மொத்தமாக என்னென்ன பாடங்கள் இருக்கும்?

முதல் ஆண்டில் அறிமுகப் பாடம். 1879-இல் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் தொடங்கிய ஆய்வகத்திலிருந்து இன்றைய மூளை வருடிகள் வரை ஒரே மூச்சில் ஓடும். அதன்பின் நினைவு, கவனம், மொழி ஆகியவற்றைப் பேசும் அறிதல்சார் உளவியல், மூளையும் நரம்பும் பற்றிய உயிரியல் உளவியல், வளர்ச்சி உளவியல், சமூக உளவியல், ஆளுமை, மனநோய்களைப் பேசும் பிறழ்நிலை உளவியல், உளவியல் அளவீடு என்று தனித்தனியாகப் பிரியும். ஆய்வு முறையியலும் புள்ளியியலும் கூடவே வந்துகொண்டிருக்கும். பெரும்பாலான இடங்களில் கடைசி ஆண்டில் நீங்களே ஓர் ஆய்வு செய்து அறிக்கை தர வேண்டும்.

பலரும் ஆசையோடு எதிர்பார்க்கும் மனநோய்கள் பற்றிய பாடம் இதில் ஒரு பகுதிதான். ஃபிராய்டுக்குச் சில வகுப்புகள் கிடைத்தால் அதிகம்.

எனக்குக் கணக்கு வராது. சமாளிக்க முடியுமா?

முடியும். கூட்டல், கழித்தல், சதவீதம், வர்க்கமூலம், வரைபடம் வாசிக்கும் பழக்கம் ஆகியவை போதும். நுண்கணிதம் தேவைப்படாது, கணக்கீட்டை மென்பொருள் செய்துவிடும். சிக்கல் கணக்கில் இல்லை, எண் என்ன சொல்கிறது என்று புரிந்துகொள்வதில்தான் இருக்கிறது. சூத்திரத்தை மனப்பாடம் செய்து தேர்வைத் தாண்டியவர்கள், மூன்றாம் ஆண்டில் தங்கள் தரவையே பார்த்து விழிப்பது இதனால்தான்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். இரண்டு குழுக்களின் சராசரிகளை டி-சோதனையால் ஒப்பிட்ட ஒரு கட்டுரையில் "டி(58) = 2.31, பி = 0.024, விளைவு அளவு 0.60" என்று இருக்கிறது. 58 என்பது 60 பேரிலிருந்து இரண்டைக் கழித்தது. அதாவது இரண்டு குழுக்கள், குழுவுக்கு 30 பேர். விளைவு அளவு 0.60 என்றால் இரண்டு குழுக்களின் சராசரிகளும் ஒரு திட்ட விலக்கத்தில் (மதிப்புகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) பத்தில் ஆறு பங்கு விலகி நிற்கின்றன. பி மதிப்பு 0.024 என்பதைத்தான் எல்லோரும் தவறாகச் சொல்கிறார்கள். "கருதுகோள் உண்மையாக இருக்க 97.6 சதவீதம் வாய்ப்பு" என்று அதற்குப் பொருள் கிடையாது. உண்மையில் இரு குழுக்களுக்கும் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தற்செயலாகத் தென்பட 2.4 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அவ்வளவுதான் அது சொல்வது.

இன்னும் ஒரு படி போங்கள். குழுவுக்கு 30 பேர் மட்டுமே என்பதால், அந்த 0.60-க்கான 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான விளைவு இருக்கக்கூடிய வரம்பு, ஏறத்தாழ 0.08 முதல் 1.12 வரை நீள்கிறது. உண்மையான விளைவு மிகச் சிறியதாகவும் இருக்கலாம், மிகப் பெரியதாகவும் இருக்கலாம். இதை உங்களால் வாய்விட்டு விளக்க முடிந்தால் இளங்கலைப் புள்ளியியலின் பாதியைப் பிடித்துவிட்டீர்கள்.

தொடக்கத்தில் ஒரே ஒரு பயிற்சி செய்யுங்கள். 10 எண்களை எடுத்து சராசரியையும் திட்ட விலக்கத்தையும் கையால் கணக்கிடுங்கள். பிறகு ஓர் எண்ணை மட்டும் மிகப் பெரிதாக மாற்றி மறுபடி கணக்கிடுங்கள். ஒற்றை மதிப்பு முடிவை எப்படிப் புரட்டிப்போடுகிறது என்பது பாடநூலின் பத்துப் பக்கங்களைவிட இதில் தெளிவாகும்.

எந்த மென்பொருளைக் கற்றுக்கொள்வது?

கல்லூரியில் எஸ்பிஎஸ்எஸ் வைத்திருந்தால் அதைப் பழகுங்கள். ஜாஸ்ப், ஜமோவி இரண்டும் இலவசம், பட்டனை அழுத்தி வேலை செய்யலாம், இளங்கலைக்குத் தாராளமாகப் போதும். மேற்படிப்புக்குப் போகும் எண்ணம் இருந்தால் இரண்டாம் ஆண்டிலேயே ஆர் என்ற புள்ளியியல் நிரல் மொழியைத் தொடங்கிவிடுங்கள். கணினிவழிச் சோதனைகளை உருவாக்க சைக்கோபை என்ற இலவச நிரல் இருக்கிறது.

பாடநூலில் வரும் புகழ்பெற்ற ஆய்வுகளை அப்படியே நம்பலாமா?

எல்லாவற்றையும் நம்ப வேண்டாம். இதை வெளிப்படையாகச் சொல்லித் தருவது உளவியல் துறையின் பெருமை என்றே நாங்கள் கருதுகிறோம்.

2015-இல் ஒரு பெரிய ஆய்வாளர் கூட்டமைப்பு, உளவியல் இதழ்களில் வெளியான 100 ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல் முக்கியத்துவம் உள்ள (அதாவது பி மதிப்பு 0.05-க்குக் குறைவான) முடிவைக் காட்டியிருந்தன. மறு ஆய்வுகளில் அது 36 சதவீதம்தான். விளைவின் அளவும் சராசரியாகப் பாதியாகக் குறைந்தது. காரணங்கள் பல: சிறிய மாதிரிகள், சாதகமான முடிவுகளை மட்டும் வெளியிடும் இதழ்கள், தரவைப் பார்த்த பிறகு பகுப்பாய்வை மாற்றும் பழக்கம். வேறுபாடே இல்லாத இடத்தில் 0.05 எல்லையை வைத்து ஒன்றையொன்று சாராத 20 சோதனைகள் செய்தால், ஒன்றாவது பொய்யாக வெற்றி காட்ட 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது.

மாணவர்களைக் காவலர்களாகவும் கைதிகளாகவும் நடிக்க வைத்த 1971-இன் ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனையைப் பாடநூல்கள் இன்னமும் விரிவாகச் சொல்கின்றன. இரண்டு வாரத்துக்குத் திட்டமிட்டு ஆறாம் நாளில் நிறுத்தப்பட்டது அது. காவலர்களாக நடித்தவர்களுக்கு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று குறிப்புகள் தரப்பட்டிருந்ததை, பின்னாளில் வெளிவந்த ஆவணங்கள் காட்டின. சூழலே மனிதனைக் கொடியவனாக்கும் என்பதற்கு அதைச் சான்றாக எழுதினால் இன்று பல ஆசிரியர்கள் மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். உடனே தின்னாமல் பொறுத்திருந்தால் இரண்டு மிட்டாய் என்று குழந்தைகளிடம் சொல்லிப் பார்த்த மார்ஷ்மெல்லோ சோதனையும் அப்படித்தான். 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து 2018-இல் வெளியான ஆய்வில், பொறுத்திருக்கும் குணத்துக்கும் பிற்காலக் கல்வித் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு முன்பு சொன்னதில் ஏறத்தாழப் பாதியாகத்தான் இருந்தது. குடும்பப் பின்னணியைக் கணக்கில் கொண்டபோது அதிலும் பெரும்பகுதி கரைந்தது.

அதே சமயம் அசையாமல் நிற்பவையும் உண்டு. ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-இல் தன்னையே சோதித்து வரைந்த மறதி வளைகோடு, 2015-இல் மறுபடி செய்தபோதும் கிட்டத்தட்ட அதே வடிவில் வந்தது. ஸ்ட்ரூப் விளைவை (நிறத்தின் பெயர் வேறு நிற மையில் இருந்தால் மையின் நிறத்தைச் சொல்லத் தாமதமாவது) உங்கள் வகுப்பறையிலேயே இன்று வரவழைக்கலாம். எனவே ஒவ்வோர் ஆய்வுக்கும் ஆண்டும் பெயரும் மட்டும் குறித்துக்கொள்ளாதீர்கள். மாதிரி அளவு, பங்கேற்றவர்கள் யார், வேறு யாராவது திரும்பச் செய்தார்களா என்ற மூன்றையும் பக்கத்தில் எழுதுங்கள். பங்கேற்றவர்கள் யார் என்பது முக்கியம். இந்தத் துறையின் தரவில் பெரும்பகுதி மேற்கத்திய நாடுகளின் கல்லூரி மாணவர்களிடமிருந்து வந்தது. அதை வைத்து மனித குலம் முழுவதற்கும் பொதுவிதி சொல்ல முடியாது என்று ஹென்ரிக், ஹைன், நோரன்சயன் மூவரும் 2010-இல் எழுதிய கட்டுரை சுட்டிக்காட்டியது.

ஆய்வுக் கட்டுரையை எந்த வரிசையில் வாசிப்பது?

முதலில் சுருக்கம். அடுத்து முன்னுரையின் கடைசிப் பத்தி, கருதுகோள் அங்கேதான் இருக்கும். பிறகு நேராக முறையியலுக்கும் அட்டவணைகளுக்கும் போங்கள். முடிவு என்னவென்று நீங்களே இரண்டு வரி எழுதிவிட்டு, அதன்பின் ஆசிரியரின் விவாதப் பகுதியைத் திறங்கள். விவாதத்தை முதலில் படித்தால் அவர் கண்ணால்தான் தரவைப் பார்ப்பீர்கள். முதல் கட்டுரைக்கு அரை நாள் பிடித்தாலும் கவலை வேண்டாம், பத்தாவது கட்டுரை ஒரு மணி நேரத்தில் முடியும்.

ஆய்வக அறிக்கையில் மதிப்பெண் எங்கே போகிறது?

ஸ்ட்ரூப் சோதனையையே எடுத்துக்கொள்வோம். "சிவப்பு" என்ற சொல் நீல மையில் அச்சிடப்பட்டிருக்கும், மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். 1935-இல் ஸ்ட்ரூப் செய்த சோதனையில் 100 வண்ணச் சதுரங்களின் நிறத்தைச் சொல்ல ஏறத்தாழ 63 வினாடி ஆனது. பொருந்தாத சொற்களின் நிறத்தைச் சொல்ல 110 வினாடி ஆனது.

மாணவர் அறிக்கைகளில் முதலில் கண்ணில் படும் தவறு வரிசை விளைவு. எல்லோருக்கும் எளிய பட்டியலை முதலிலும் கடினமானதை அடுத்தும் கொடுத்திருப்பார்கள். நேரம் கூடியது பொருந்தாமையாலா, களைப்பாலா என்று பிரிக்க முடியாமல் போகும். பாதிப் பேருக்கு வரிசையை மாற்றிக் கொடுத்தால் தீர்ந்தது. இரண்டாவது, சராசரியை மட்டும் எழுதித் திட்ட விலக்கத்தை விட்டுவிடுவது. மூன்றாவது, மென்பொருள் காட்டும் "0.000" என்பதை அப்படியே நகலெடுப்பது. பி மதிப்பு ஒருபோதும் பூஜ்யம் ஆகாது, "0.001-க்கும் குறைவு" என்று எழுதுங்கள். நான்காவது, "இந்தச் சோதனை நிரூபித்தது" என்ற சொற்றொடர். ஒரு சோதனை கருதுகோளுக்கு ஆதரவு தரலாம், நிரூபிக்காது.

முடிவுகள் பகுதியில் விளக்கம் எழுதக் கூடாது, விவாதப் பகுதியில் புதிய எண் வரக் கூடாது. வடிவமைப்புக்குப் பெரும்பாலும் ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) கையேட்டின் ஏழாம் பதிப்பைக் கேட்பார்கள், அது 2019-இல் வந்தது. சுருக்கம் பொதுவாக 250 சொல்லுக்குள் அடங்க வேண்டும்.

இறுதியாண்டு ஆய்வை எப்படித் தொடங்குவது?

தலைப்பைச் சுருக்குவதிலிருந்து. "மொபைலும் மன அழுத்தமும்" என்று கைடிடம் போனால் திருப்பி அனுப்புவார். மொபைலில் எதை அளக்கப் போகிறீர்கள்? ஒரு நாளில் எவ்வளவு நேரம் என்று ஆளையே கேட்பதா, போனில் பதிவாகும் திரை நேரத்தை எடுப்பதா? ஆட்கள் சொல்லும் நேரமும் போனின் பதிவும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. "படுத்த பிறகு பதிவாகும் திரை நேரத்துக்கும் மறுநாள் காலை தூக்கத் தர மதிப்பெண்ணுக்கும் தொடர்பு உண்டா?" என்று கேட்டால் அதைச் செய்ய முடியும்.

அடுத்தது ஆட்களின் எண்ணிக்கை. "முப்பது பேர் போதும்" என்று சீனியர்கள் சொல்வதை நம்பாதீர்கள். இரண்டு தனிக் குழுக்களை ஒப்பிட, 0.05 எல்லையில் 80 சதவீதத் திறன் (விளைவு உண்மையிலேயே இருந்தால் அதைப் பிடிக்கும் வாய்ப்பு) வேண்டுமென்றால், விளைவு அளவு 0.8 ஆக இருந்தால் குழுவுக்கு 26 பேர் தேவை. 0.5 என்றால் 64 பேர். 0.2 என்றால் 394 பேர். இரண்டு அளவுகள் சேர்ந்து மாறுகின்றனவா என்று பார்க்கும் ஒட்டுறவு ஆய்வில் 0.3 அளவுள்ள தொடர்பைப் பிடிக்க ஏறத்தாழ 85 பேர் வேண்டும். ஜி-பவர் என்ற இலவச நிரலில் இதை ஐந்து நிமிடத்தில் கணக்கிடலாம். அவ்வளவு பேர் கிடைக்க மாட்டார்கள் என்றால், ஒரே ஆளை இரண்டு நிலைகளிலும் சோதிக்கும் வடிவமைப்புக்கு மாறுங்கள். ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு கழிந்துவிடுவதால் குறைந்த எண்ணிக்கையே போதுமானதாகிவிடும்.

வினாப்பட்டியல் பயன்படுத்தினால் ஏற்கெனவே சோதிக்கப்பட்ட ஒன்றை எடுங்கள். சொந்தமாக உருவாக்குவது தனி ஆய்வு, அதற்கு ஓர் ஆண்டு பத்தாது. பயன்படுத்த அனுமதி வேண்டுமா என்று பார்த்துவிடுங்கள், சில அளவுகோல்கள் கட்டணம் உள்ளவை. வேறு மொழிக்கு மாற்றினால், மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்து மூல மொழிக்கே திருப்பச் சொல்லி ஒப்பிடுங்கள். பிறகு ஐந்தாறு பேரிடம் முன்னோட்டம் பார்த்து, எந்தக் கேள்வியில் நிற்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்து கவனியுங்கள்.

ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராதா என்று பார்க்கும் நெறிக்குழுவின் ஒப்புதல் கையில் கிடைக்கும் முன் ஒரு பதிலைக்கூட வாங்காதீர்கள். பின்தேதியிட்ட ஒப்புதல் செல்லாது, சேர்த்த தரவு முழுவதும் வீணாகும். ஒப்புதல் படிவத்தில் நோக்கம், ஆகும் நேரம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற உரிமை, தரவை யார் பார்ப்பார்கள் என்ற நான்கும் இருக்க வேண்டும். தற்கொலை எண்ணம் பற்றிய கேள்வி அளவுகோலில் இருந்தால், ஒருவர் "ஆம்" என்று குறித்தால் என்ன செய்வீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். அதற்கு ஏற்பாடு செய்ய முடியாவிட்டால் அந்த அளவுகோலே வேண்டாம்.

தரவு வந்துவிட்டது, க்ரோன்பாக் ஆல்ஃபா 0.2 என்று காட்டுகிறது. ஏன்?

ஒரு வினாப்பட்டியலின் கேள்விகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் எண் அது. பெரும்பாலும் எதிர்த்திசைக் கேள்விகளைத் திருப்பாமல் விட்டிருப்பீர்கள். "நான் நிம்மதியாக இருக்கிறேன்" என்ற கேள்வி மன அழுத்த அளவுகோலில் இருந்தால் அதன் மதிப்பைத் திருப்ப வேண்டும். 1 முதல் 5 வரையான அளவில் 6-இலிருந்து மதிப்பெண்ணைக் கழியுங்கள். 0 முதல் 4 வரை என்றால் 4-இலிருந்து. மறுபடி ஆல்ஃபாவைப் பாருங்கள், 0.7-க்கு மேல் வந்தால் வழக்கமாக ஏற்கிறார்கள். அப்படியும் ஏறவில்லையென்றால், வாசிக்காமலே எல்லாவற்றுக்கும் "3" குறித்தவர்கள் இருக்கிறார்களா என்று வரிவரியாகப் பாருங்கள். யாரை நீக்குவது என்ற விதியைப் பகுப்பாய்வுக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். முடிவைப் பார்த்தபின் ஆட்களை நீக்குவது மோசடிக்கு மிக அருகில் போய்விடும்.

முடிவில் எந்தத் தொடர்பும் தென்படவில்லையா? அதனால் தேர்ச்சி போகாது. சரியாக வடிவமைத்த ஆய்வின் வெறும் முடிவுக்கும் முழு மதிப்பெண் உண்டு.

தேர்வுக்கு எப்படிப் படிப்பது?

இதற்கான பதிலை உளவியலே கண்டுபிடித்திருக்கிறது. டன்லோஸ்கியும் சகாக்களும் 2013-இல் பத்துப் படிப்பு உத்திகளை மதிப்பிட்டார்கள். தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் மேலே வந்தன. கோடிடுவதும் திரும்பத் திரும்ப வாசிப்பதும் குறைந்த பயனுள்ளவை என்ற பட்டியலில் இடம்பெற்றன. ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் செய்த சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தன்னைச் சோதித்தவர்கள் தெளிவாக முந்தினார்கள். முதல் நாள் இரவு படிப்பது பலன் தருவதுபோல் தோன்றுவது ஏன் என்பது இதிலேயே தெரிகிறது.

வகுப்பு முடிந்த மறுநாள் புத்தகத்தை மூடிவைத்து நினைவில் உள்ளதை எழுதுங்கள். ஒரு வாரத்தில் ஒருமுறை, ஒரு மாதத்தில் இன்னொரு முறை. விட்டுப்போனதை மட்டும் புத்தகத்தில் பாருங்கள்.

பட்டம் வாங்கியதும் கவுன்சிலிங் கொடுக்கலாமா?

கூடாது. பெரும்பாலான நாடுகளில் மருத்துவ உளவியலாளராகப் பணியாற்ற முதுகலையோ முனைவர் பட்டமோ, மூத்தவர் மேற்பார்வையில் நீண்ட பயிற்சியும், பதிவும் வேண்டும். மனநல மருத்துவர் என்பது முற்றிலும் வேறு பாதை, அவர் மருத்துவம் படித்துவிட்டு அதில் சிறப்புப் பயிற்சி பெற்றவர். நீங்கள் எந்த நாட்டில் வேலை செய்ய நினைக்கிறீர்களோ அங்கே பதிவு தரும் அமைப்பின் விதிகளைச் சேரும் முன்பே வாசித்துவிடுங்கள். உங்கள் இளங்கலைப் பட்டம் அங்கே ஏற்கப்படாவிட்டால் பின்னால் சில பாடங்களைத் தனியாகப் படிக்க நேரும்.

இளங்கலையோடு நிறுத்தினால் வேலை கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் வேலையின் பெயரில் "உளவியல்" என்ற சொல் இருக்காது. மனிதவளம், சந்தை ஆய்வு, செயலிகளைப் பயனர் எப்படிக் கையாள்கிறார் என்று ஆராயும் பணி, சிறப்புக் குழந்தைகளுக்கான உதவிப் பணி, சமூக நலத் திட்டங்களின் மதிப்பீடு ஆகிய இடங்களில் எடுத்துக்கொள்கிறார்கள். விண்ணப்பத்தில் "பிறரைப் புரிந்துகொள்வேன்" என்று எழுதுவது வீண். "120 பேரிடம் கருத்தாய்வு வடிவமைத்து, தரவைச் சுத்தம் செய்து, பகுத்து அறிக்கை தந்தேன்" என்பது கண்ணில் படும்.

பிறழ்நிலை உளவியல் படிக்கும்போது எல்லா நோயும் எனக்கே இருப்பதுபோல் தோன்றுகிறது. சாதாரணம்தானா?

மிகவும் சாதாரணம். அறிகுறிப் பட்டியலைத் தனியாக வாசித்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். கால அளவையும் பாதிப்பின் அளவையும் சேர்த்து வாசியுங்கள். மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5-இன்படி பெருமனச்சோர்வு என்று சொல்ல, ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து ஒரே இரண்டு வாரக் காலத்தில் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்று சோர்ந்த மனநிலை அல்லது எதிலும் ஆர்வமின்மையாக இருக்க வேண்டும். கூடவே அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். நண்பர்களுக்கோ வீட்டாருக்கோ இந்தப் பெயர்களைச் சூட்டாதீர்கள், அதற்கான பயிற்சி இன்னும் உங்களிடம் இல்லை. உங்களுக்கே உண்மையான தொந்தரவு நீடிக்கிறதென்றால் பாடநூலில் பதில் தேடாமல், தகுதி பெற்ற ஒருவரைப் போய்ப் பாருங்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது என்ன கேட்பது?

புள்ளியியலுக்கும் ஆய்வு முறையியலுக்கும் எத்தனை செமஸ்டர், இறுதியாண்டு ஆய்வு கட்டாயமா, ஒரு கைடுக்கு எத்தனை மாணவர்கள், நெறிக்குழு எவ்வளவு நாளில் ஒப்புதல் தருகிறது, பிறழ்நிலைப் பாடத்தில் டிஎஸ்எம்-இன் எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். டிஎஸ்எம்-5 வந்தது 2013-இல், அதன் திருத்திய உரை 2022-இல். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-11 நடைமுறைக்கு வந்ததும் 2022-இல்தான். இன்னமும் பழைய பதிப்பிலேயே நிற்கிற பாடத்திட்டம் என்றால் யோசிக்க வேண்டும். முடிந்தால் இறுதியாண்டு மாணவர் ஒருவரின் ஆய்வறிக்கையை வாங்கி முறையியல் பகுதியை மட்டும் புரட்டுங்கள். எத்தனை பேர், அந்த எண்ணிக்கைக்கு என்ன காரணம் என்று அதில் எழுதியிருந்தால் தைரியமாகச் சேரலாம்.